பஜ்ஜி தின்னவங்க எல்லாம் பங்கேற்றவங்களா, தம்பி?

மதிப்பீடு பண்ண வந்திருக்கீங்கன்னு கேள்விப்பட்டேன் தம்பி. காரைக்கால் பக்கத்துல சுகாதாரத்தை ஒசத்துறதுல ஜனங்க எவ்வளவு பங்கேற்கிறாங்கன்னு பாத்து, ஒண்ணுலேர்ந்து அஞ்சு வரைக்கும் மார்க் போடப் போறீங்களாம். ரொம்ப சந்தோஷம். தடியா ஒரு படிவம் வேற வச்சிருக்கீங்க. எங்க ஊரு ஆளுங்க நல்லவங்க. படிவத்தைப் பாத்தா பயப்படுவாங்க, பயந்தா எல்லாத்துக்கும் நாலு போட்டுடுவாங்க. அதனால ஊருக்குள்ள போறதுக்கு முந்தி இந்தக் கெழவன்கிட்ட செத்த ஒக்காந்துட்டுப் போங்க. நான் படிச்சவன் இல்ல. பேத்தி நர்ஸிங் படிக்குறா. அவ சத்தம் போட்டுப் படிக்கிற ரகம், எனக்குக் காது இன்னும் நல்லாக் கேக்குது.

போனதும் ஒங்களுக்கு நாற்காலி போட்டு, ஒரு பதிவேட்டை நீட்டுவாங்க. அதைப் படிக்காதீங்க, தடவிப் பாருங்க. ஒரு வருஷத்துக் கூட்டத்துக் கையெழுத்து எல்லாம் ஒரே பேனா, ஒரே அழுத்தம்னா, அத்தனை கூட்டமும் ஒரே சாயங்காலத்துல நடந்திருக்குன்னு புரிஞ்சுக்கணும். கைநாட்டையும் உத்துப் பாருங்க. பத்துப் பேரோட கட்டைவெரல் ரேகையும் ஒண்ணா இருந்தா, அது ஊர் ஒத்துமைன்னு குறிச்சுக்கலாம். அடுத்து போட்டோ வரும். மூணாவது வரிசையில இடுப்புல புள்ளையோட ஒரு பொண்ணு நிக்கும். அடுத்த வருஷத்துப் படத்துலயும் அதே புள்ள, அதே அளவுல இருந்தா ஊட்டச்சத்துக் கொறைபாடுன்னு எழுதித் தொலைச்சிடாதீங்க. புள்ளை வளந்து பள்ளிக்கூடம் போயிருக்கும், படந்தான் வளரல.

எந்த ஊருன்னு கேக்காதீங்க, சொல்ல மாட்டேன். ஒரு கூட்டத்துக்கு நானும் போயிருந்தேன். வந்தவர் சுத்தம் சோறு போடும்னு ஆரம்பிச்சு, கையை எப்படிக் கழுவணும்னு ஆறு விதமாக் காட்டினார். அறுவடை முடிஞ்சு அப்படியே வந்த பொம்பளைங்க வாயைத் தொறந்து பாத்துக்கிட்டு இருந்தாங்க. யாருக்காவது சந்தேகம் உண்டான்னு கேட்டார். கோடித் தெருக் கெழவி ஒருத்தி எழுந்து, "கையைக் கழுவுற தண்ணியே நாறுதுங்களே, அதை எதுல கழுவுறது?"ன்னு கேட்டா. "அது வேற துறைம்மா, ஒக்காருங்க"ன்னார். ஒக்காந்துட்டா. பஜ்ஜி வந்துச்சு. மறுநாள் அறிக்கையில "பொதுமக்கள் ஆர்வத்துடன் கலந்துரையாடினர்"னு இருந்துச்சாம். பஜ்ஜியைப் பத்தி மட்டும் எழுதியிருந்தா அந்த வார்த்தை சத்தியந்தான்.

அந்த "வேற துறை"யை ஒங்க படிவத்துல ஒரு கட்டமாச் சேத்துக்கங்க தம்பி. ஏன்னா எங்க வயிறு அதுலதான் மாட்டிக்குது. இங்க குடிதண்ணிக் கொழாய் பொதுப்பணித்துறை பாக்குறது. அந்தக் கொழாய்க்குப் பக்கத்துல ஓடுற சாக்கடை நகராட்சி, கொம்யூன் பஞ்சாயத்து. ரெண்டும் கலந்து உள்ள போச்சுன்னா வாந்திபேதி நலவழித்துறைக்கு. மூணு துறைக்கும் தனித்தனிக் கோப்பு, தனித்தனி ஜீப்பு. கோப்புக்குக் கையெழுத்து வேணும்னா கடலூர், சிதம்பரம் எல்லாம் தாண்டி, நூத்து முப்பது கிலோமீட்டர் தமிழ்நாட்டு மண்ணுல ஓடிப் புதுச்சேரிக்குப் போயாகணும். காவேரித் தண்ணியும் எங்களுக்குக் கடைசியாத்தான் வரும், கடைமடைக்காரனுங்க. கையெழுத்தும் அப்படித்தான்.

2022 ஞாபகம் இருக்கா? நீங்க அப்ப காலேஜ் படிச்சிருப்பீங்க. ஜூலை 3-ந் தேதி காரைக்கால்ல பொது சுகாதார அவசர நிலைன்னு அறிவிச்சாங்க. வாந்திபேதின்னு ஆஸ்பத்திரி போனவங்க ஆயிரத்தைத் தாண்டிட்டாங்க. சில பேரோட மாதிரியில காலராக் கிருமின்னு உறுதி பண்ணினாங்க. பள்ளிக்கூடம், காலேஜ் மூணு நாள் மூடிக்கிடந்துச்சு. தண்ணியைக் கொதிக்க வச்சுக் குடிங்கன்னு சொன்னாங்க. பழைய கொழாய் ஒடைஞ்ச எடத்துல சாக்கடை கலந்துடுச்சுன்னு காரணமும் பேசினாங்க. ஆனிப் பௌர்ணமி மாங்கனித் திருவிழாவுக்குப் பத்து நாள் இருக்கு, ஊரே பிளீச்சிங் பவுடர் வாசனை. அப்புறம் எல்லாரும் வந்தாங்க, பெரிய பெரியவங்க எல்லாம் வந்தாங்க. கொறை சொல்லல, வந்தது வந்ததுதான்.

நான் கேக்குறது வேற. தெருக்கொழாய்ல தண்ணி நெறம் மாறினா மொதல்ல தெரியிறது யாருக்கு? விடியக்காலம் குடத்தை வைக்கிற பொம்பளைக்கு. ஆய்வுக்கூடத்துக்கு அது தெரியிறதுக்கு நாலு பேரு சுருண்டு விழணும். அந்தப் பொம்பளை மொத நாளே போயிச் சொல்றதுக்கு ஒரு ஆளு வேணுமா, இல்லியா? சொன்னா அடுத்த நாள் அந்த ஆளோட வாசல்ல நின்னு, "என்னாச்சு?"ன்னு சட்டமாக் கேக்குற உரிமை வேணுமா, இல்லியா? அந்த ஆளுக்குத்தான் ஊர்ல வார்டு உறுப்பினர்னு பேரு.

இப்ப ஒரு வேடிக்கை சொல்றேன், ஒங்க படிவத்துல இதுக்கு எடம் இருக்காது. பிரெஞ்சுக்காரன் 1880-லேயே ஆணை போட்டு இங்க கொம்யூன் முறையைக் கொண்டாந்தவன். மேர், மேரின்னு எங்க தாத்தா காலத்துப் பேச்சே அதுதான். அவன் போயி, நாம வந்து, 1968-ல உள்ளாட்சித் தேர்தல் ஒண்ணு நடந்துச்சு. அடுத்தது 2006-ல. நடுவுல முப்பத்தெட்டு வருஷம். 2011-ல அப்ப ஜெயிச்சவங்க பதவிக் காலமும் முடிஞ்சுது. 2021-ல தேதி வரைக்கும் அறிவிச்சு, இட ஒதுக்கீட்டு வழக்குல நின்னுபோச்சு. அதனால காலரா வந்தப்ப காரைக்கால்ல ஓட்டு வாங்கி வந்த வார்டு ஆளுன்னு ஒருத்தர் கெடையாது. ஆனா அதே 2022 ஏப்ரல் மாசம், பிரெஞ்சுக் குடியுரிமை வச்சிருக்கிறவங்க இதே காரைக்கால்ல வரிசையில நின்னு பிரான்சு ஜனாதிபதிக்கு ஓட்டுப் போட்டாங்க. வாக்குச்சாவடி இங்கேயே வச்சிருந்தாங்க தம்பி! எங்க தெருவுல பென்ஷன் வாங்குற பெரியவர் ஒருத்தர் பாரீசுல யாரு ஆளணும்னு ஓட்டுப் போட்டுட்டு வந்தார். வீட்டு வாசல் சாக்கடையை யாரு பாக்கணும்னு சொல்ல அவருக்கும் வழியில்ல, எனக்கும் வழியில்ல. இதுக்கு எத்தனை மார்க் போடுவீங்க?

விதிப்புத்தகத்தையும் புரட்டிப் பாருங்க. பேத்தி படிச்சுக் காட்டினா. 2005-ல வந்த ஊரக சுகாதாரத் திட்டத்துல ஊருக்கு ஊரு சுகாதாரக் குழு ஒண்ணு இருக்கணும். சுத்தம், ஊட்டச்சத்து எல்லாம் அதுக்குள்ளேயே வரும். வருஷத்துக்கு 10,000 ரூவா கட்டில்லாத பணம். உறுப்பினர்ல பாதிக்குப் பாதி பொம்பளைங்க. தலைவர் நாற்காலி, தேர்ந்தெடுக்கப்பட்ட பஞ்சாயத்து உறுப்பினருக்கு. அந்த உறுப்பினரே இல்லாத ஊர்ல அந்த நாற்காலியில யாரு ஒக்காந்தாங்க, ஒக்காரச் சொன்னது யாரு? போற ஊர்ல எல்லாம் மொதக் கேள்வியா இதைக் கேளுங்க. பதில் வராது, இருமல் வரும். இருமலையும் குறிச்சுக்கங்க. குழுங்கிற யோசனை ஒண்ணும் புதுசும் இல்ல. 1946-லேயே போர்ங்கிறவர் தலைமையில இருந்த கமிட்டி ஊருக்கு அஞ்சாறு பேரு வச்சுக் குழு போடுங்கன்னு சொல்லிட்டுத்தான் போச்சு.

மாங்கனித் திருவிழாவுக்கு வந்திருக்கீங்களா? பிச்சாண்டவர் வீதியில வர்றப்போ மாடியிலேர்ந்து ஜனங்க மாம்பழத்தை எறிவாங்க, கீழ நிக்கிற கூட்டம் துண்டை விரிச்சு ஏந்தும். நம்ம சுகாதாரத் திட்டமும் அப்படித்தான் தம்பி. கூட்டம் உண்டு, ஆர்வம் உண்டு, கையைத் தூக்கித் தூக்கி ஏந்துறாங்க. மேலேர்ந்து பாத்தா என்னா பங்கேற்பு! எந்தப் பழம், எப்ப, எந்தப் பக்கம்ங்கிறது மட்டும் மாடிக்காரங்க பாடு. மண்டையில பட்டாலும் பிரசாதம். நீங்க இத்தனை நாளா எண்ணிக்கிட்டு இருந்தது ஏந்தின கையைத்தான். மாடிப்படி யாருக்குத் தொறந்திருக்குன்னு பாத்திருக்கீங்களா?

ஒங்க படிவத்துல சிலந்திவலைப் படம் ஒண்ணு இருக்குமே? சூசன் ரிஃப்கின்னு ஒரு அம்மா, கூட ரெண்டு பேரு, 1988-ல போட்டது. அஞ்சு கம்பி. தேவை என்னான்னு யாரு கண்டுபிடிச்சா, தலைமை யாரு, அமைப்பு எப்படி, பணம் எங்கேர்ந்து, நிர்வாகம் யாரு கையில. ஒவ்வொரு கம்பியிலயும் ஒண்ணுலேர்ந்து அஞ்சுக்குள்ள புள்ளி வச்சு, புள்ளியை இணைச்சா ஊரோட வலை எவ்வளவு விரிஞ்சிருக்குன்னு தெரியும். நல்ல படந்தான், எனக்குப் புடிச்சிருக்கு. எங்க ஊருக்கு நானே போட்டுப் பாத்தேன். தேவை என்னான்னு குடத்துக்காரிக்குத் தெரியும், ஆனா அவளைக் கேக்கல. தலைமைக் கம்பியில புள்ளி வைக்க ஆளே இல்ல. பணம், நிர்வாகம் எல்லாம் அந்த நூத்து முப்பது கிலோமீட்டரைத் தாண்டி நிக்குது. அமைப்பு மட்டும் காயிதத்துல அழகா இருக்கு. கடைசியில பாத்தா வலை இல்ல தம்பி, ஒத்தை நூலு தொங்குது.

ஒண்ணு சொல்லணும். இந்தப் படம் ஊரோட அகலத்தைத்தான் காட்டும். அந்த ஊருக்குள்ள யாரு ஒடுங்கிக் கெடக்காங்கன்னு காட்டாது. கிளிஞ்சல்மேடு, காரைக்கால்மேடு, பட்டினச்சேரி பக்கம் போனீங்கன்னா மீனவப் பஞ்சாயத்துன்னா என்னான்னு பாப்பீங்க. அவங்க கூடினா கூடினதுதான். இன்னிக்கு தொழிலுக்குப் போகக் கூடாதுன்னா ஒரு படகு எறங்காது. நிதி திரட்டுவாங்க, தீர்ப்புச் சொல்லுவாங்க, அபராதம் போடுவாங்க. தலைமை, அமைப்பு, பணம், நிர்வாகம் எல்லாத்துக்கும் அஞ்சுக்கு அஞ்சு போட்டுட்டு வந்துடுவீங்க. கூட்டத்துல ஒரு சேலைத் தலைப்பு தெரியுதான்னு மட்டும் பாருங்க. மீனை விக்கிறது அவங்க, தண்ணி புடிக்கிறது அவங்க, புள்ளைக்குப் பேதின்னா தூக்கிட்டு ஓடுறது அவங்க. ஒக்காந்து பேசுறது மட்டும் ஆம்பளைங்க. 2004 சுனாமிக்கு அப்புறம் இந்தக் கடற்கரை நெடுக நிவாரணம் பஞ்சாயத்தார் வழியாத்தான் பிரிஞ்சுது. வேகமா நடந்துச்சு, ஒழுங்கா நடந்துச்சு. ஆனா தனியா நிக்கிற பொம்பளைங்க, மீனவர் இல்லாத குடும்பங்க, கடலோரக் காலனிக்காரங்க பேரு பட்டியல்ல தேடித் தேடிச் சேக்க வேண்டியிருந்துச்சு. அதனால ஊரு பங்கேற்குதுன்னா ஊர்ல யாருன்னு அடுத்த கேள்வி கேக்கணும். எங்க தெருவுக்கும் இது பொருந்தும். கொழாய் லைன் முடியிற கடைசிக் கோடியில யாரு வீடு இருக்குன்னு நடந்து போயிப் பாருங்க. பெரும்பாலும் குழுவுல பேரு இல்லாதவங்க வீடாத்தான் இருக்கும்.

அளக்குறது எப்படின்னு கத்துக்கணும்னா வங்காள தேசத்தைப் பாருங்க. அங்க பிராக்னு ஒரு அமைப்பு, 1980-லேர்ந்து பத்து வருஷம், வீடு வீடாப் போயி உப்பு வெல்லத் தண்ணி கலக்கக் கத்துக்கொடுத்துச்சு. மூணு வெரலு கிள்ளின உப்பு, ஒரு கைப்பிடி வெல்லம், அரை சேர் தண்ணி. ஒரு கோடி வீட்டுக்கு மேல போனாங்க. எத்தனை வீட்டுக்குப் போனேங்கிறதுக்கு அங்க கூலி இல்ல. கொஞ்ச நாள் கழிச்சு வேற ஒரு ஆளு போயி, சில வீட்டைப் பொறுக்கி எடுத்து, "எப்படிம்மா கலக்குவே, காட்டு"ன்னு கேப்பாங்க. அந்த அம்மா சரியாச் சொல்லிச் சரியாக் கலக்கினா, சொல்லிக்கொடுத்த பொண்ணுக்குக் கூலி கூட. தெரியலைன்னா கொறையும். அதோட முடியல. அம்மாமாருங்க பாடத்தை ஒப்பிக்கிறாங்க, புள்ளைக்குப் பேதி வந்தா கலக்கிக் கொடுக்கலைன்னு தெரிஞ்சுது. ஏன்னு தோண்டினா, சொல்லிக்கொடுத்த பொண்ணுங்களே பலபேர் தங்களுக்குப் பேதி வந்தா அதைக் குடிக்கல, நம்பிக்கையே இல்ல! வீட்டு ஆம்பளைங்ககிட்ட யாரும் சொல்லவும் இல்ல, அதனால அவங்க மொறைச்சாங்க. அப்புறம் பொண்ணுங்களுக்கு நம்பிக்கை வர்ற மாதிரி பாடத்தை மாத்தினாங்க. மசூதி, கடைத்தெருன்னு ஆம்பளைங்களையும் தேடிப் போனாங்க. எங்க தப்புன்னு தேடின மதிப்பீடு அது. எவ்வளவு நல்லதுன்னு தேடியிருந்தா அம்மாமாருங்க ஒப்பிச்சதோட போட்டோ எடுத்துட்டு எழுந்து வந்திருப்பாங்க.

லண்டன் கதையும் ஒண்ணு இருக்கு. 1854-ல சோஹோங்கிற பேட்டையில காலரா. டாக்டர் ஜான் ஸ்னோ, தெருப்பம்புத் தண்ணிதான் காரணம்னு கைப்பிடியைக் கழட்ட வச்சார்னு எல்லாப் புஸ்தகத்துலயும் இருக்கு. ஆனா அந்தப் பேட்டையில ஹென்றி வைட்ஹெட்னு ஒரு பாதிரியார். ஸ்னோ சொல்றது தப்புன்னு நிரூபிக்கத்தான் மொதல்ல கெளம்பினார். அவருக்கு ஒவ்வொரு வீடும் தெரியும், ஒவ்வொரு வீட்டுக்கும் அவரைத் தெரியும். திரும்பத் திரும்பப் போனார். கடைசியில பம்புக்குப் பக்கத்து வீட்டுல கைக்குழந்தைக்குப் பேதி, அதோட துணி அலசின தண்ணியைத் தாயி வாசல்ல இருந்த கழிவுக்குழியில ஊத்தினான்னு கண்டுபிடிச்சார். அந்தக் குழி பம்புக் கெணத்துக்கு மூணடி தூரம். அந்தத் தாயி டாக்டர் போட்ட காலரா வரைபடத்தைப் பாத்துச் சொல்லல தம்பி. தெரிஞ்ச மனுஷன், பயப்பட வேண்டாதவர்னு சொன்னா. நீங்க ஜீப்புல நர்ஸம்மாவோட போயி எறங்கினா, "நர்ஸம்மா நல்லா கவனிக்கிறாங்களா?"ங்கிற கேள்விக்கு என்னா பதில் வரும்? நானே அஞ்சு போடுவேன். நாளைக்கு ஊசி போடப் போறது அவங்கதான?

அதனால வழி சொல்றேன். ஜீப்பை எல்லையிலேயே நிறுத்திடுங்க. சனிக்கெழமை வேண்டாம், திருநள்ளாறு கூட்டத்துல மாட்டிக்குவீங்க. குழுகிட்ட குளோரின் பாக்குற பெட்டியைக் கொண்டாரச் சொல்லுங்க. கொழாய்த் தண்ணியில சொட்டு விட்டா மஞ்சளாகணும், லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது நிக்கணும்னு கணக்கு. பெட்டி வந்து, மூடி பிரிக்காம பளபளன்னு இருந்தா பாராட்டிட்டு வாங்க, பத்திரமா வச்சிருக்காங்க. பிரிச்சுக் கறை படிஞ்சு, ஒரு பொண்ணு சட்டுன்னு சொட்டு விட்டுக் காட்டினா அங்க ரெண்டு மணி நேரம் ஒக்காருங்க, ஒங்களுக்கு ஆள் கெடைச்சிருக்கு. "ஜனங்க சொல்லி எது மாறிச்சு?"ன்னு ஒரு கேள்வி, "சொன்னதுக்கும் மாறினதுக்கும் எத்தனை நாள்?"னு ஒரு கேள்வி. அப்புறம் முக்கியமான ஒண்ணு. "மேலேர்ந்து வந்த எதையாவது நீங்க வேணாம்னு சொன்னீங்களா?" எல்லாத்துக்கும் தலையாட்டின குழுவுக்கு நீங்க கூட்டித்தான் மார்க் போடுவீங்கன்னு தெரியும். நான்னா கொறைப்பேன். ஊரைக் கூட்டிச் சாக்கடை தூத்தெடுக்கச் சொன்னதைப் பங்கேற்புன்னு எழுதியிருந்தா, அன்னிக்கு அந்த வேலைக்குச் சம்பளம் வாங்குற ஆளு எங்க இருந்தாருன்னும் ஒரு வரி கேட்டுடுங்க.

ஜனங்களுக்கு மார்க் போடத் தெரியாதுன்னு நெனைச்சுடாதீங்க. 2007 வாக்குல ஒம்பது மாநிலத்துல இதே ஊரக சுகாதாரத் திட்டத்தை ஜனங்களே கண்காணிக்கிற ஏற்பாடு நடந்துச்சு. தமிழ்நாட்டுலயும் தருமபுரி, வேலூர், கன்னியாகுமரி பக்கமெல்லாம் செஞ்சாங்க. ஊர்க்காரங்களே ஒக்காந்து, நர்ஸு வர்றாங்களா, மருந்து இருக்கா, காசு கேக்குறாங்களான்னு ஒவ்வொண்ணுக்கும் பச்சை, மஞ்சள், சிவப்புன்னு நெறம் போட்டாங்க. படிக்கத் தெரியாதவங்களுக்கும் செவப்பு தெரியும். அந்தச் செவப்பைப் பாத்துக் கோவிச்சுக்கிட்டவங்களும் உண்டு, மறுமாசம் மருந்தைக் கொண்டாந்து வச்சவங்களும் உண்டு.

ஒங்க படிவத்துல எங்களுக்குத்தான் மார்க் இருக்கு. நலவழித்துறைக்கு, பொதுப்பணித்துறைக்கு, ஒங்களுக்கு நாங்க போட ஒரு கட்டமும் இல்லியே தம்பி. கடைசிப் பக்கம் வெத்தாத்தான் கெடக்கு, கோடு போட்டு எடுத்துட்டு வாங்க. அறிக்கை முடிஞ்சதும் தமிழ்ல ஒரு படி கொண்டாந்து கொழாயடியில வச்சு உரக்கப் படிக்கணும், இங்கிலீஷ்ல எழுதி அனுப்பிட்டு ஓடக்கூடாது. காலையில அஞ்சரைக்கு வந்துடுங்க. அந்தக் கோடித்தெருக் கெழவியும் வருவா. தண்ணி கொஞ்ச நேரந்தான் வரும், குடம் நெறையிறதுக்குள்ள ஒங்களுக்கு மார்க் போட்டு முடிச்சிடுவாங்க.